பிடியை விட்டவன்

அத்தியாயம் 6

முதல் கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது கல் நர்ஸ் கையிலிருந்த தட்டைப் பறக்கவிட்டது. மூன்றாவது என்னைத் தேடித்தான் வந்தது. நான் குனிந்துவிட்டதால், சுவரில் 'அமைதி காக்கவும்' என்று மாட்டியிருந்த பலகை அதை வாங்கிக்கொண்டு ஒற்றை ஆணியில் ஆடியது.

"எழுதி மாட்டினா மட்டும் போதாது போல," என்றார் துபாஷி, கட்டிலுக்கு அடியிலிருந்து. "பட்டதாரி, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். நான் செத்தா உங்க பையை யார் தூக்கறது?"

துபாஷி என்பது பட்டப்பெயர். கோர்ட்டின் மொழி வேறு, கூண்டில் நிற்கிறவர்களின் மொழி வேறு. நடுவில் நின்று இருபது வருஷம் மொழிபெயர்த்த பெண்மணி. ஒருநாள் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் கடை திறந்தார். ஏன் உதறினீர்கள் என்று மூன்று முறை கேட்டிருக்கிறேன். மூன்று முறையும் டீ வாங்கிவர அனுப்பினார். நான் அவருடைய உதவியாள். எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி, அதனால் 'பட்டதாரி'. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். கனமாக எதையாவது தூக்க வைக்கும்போதுதான் அந்தப் பெயர் வரும்.

கட்டிலில் கிடந்தவர் மோட்டார்காரர். மலை உச்சியில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, தண்டவாளத்தில் ஏறி இறங்கும் இரண்டு வண்டிகளை இரும்புக் கயிற்றால் இழுப்பவர். பத்திரிகைகள் அதைக் 'கேபிள் கார்' என்று எழுதின. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது விஞ்ச்.

முந்தாநாள் மதியம், பயணிகள் இல்லாத நேரத்தில், பிரேக் அதிகாரி சோதனைக்காக வண்டியில் ஏறினார். பாதி மலையில் இறங்கித் தண்டவாளத்துக்கு நடுவே இருந்த உருளைகளைப் பார்த்தார். வண்டி அவர் மேல் ஏறியது. இரண்டு துண்டு. மோட்டார்காரர் வேண்டுமென்றே கிளப்பினார் என்று செய்தி பரவியதும், அவருடன் வேலை செய்தவர்களே அவரை மோட்டார் அறையிலிருந்து இழுத்துப் போட்டு, மலையின் இருநூற்று நாற்பது படிகளிலும் உருட்டி அடித்தார்கள். இப்போது தாடையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, பேச்சு பல்லிடுக்கில் வந்தது. வாசலில் நின்ற கூட்டத்துக்கு அது போதவில்லை.

"அஞ்சு மணிக்கு இவரை மத்திய சிறைக்கு மாத்தறாங்க," என்றார் அவர் மனைவி. தையல்காரர். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்களால் கணவரின் போர்வையைப் பிடித்திருந்தார். "அங்க வார்டரா இருக்கறது செத்தவரோட கூடப்பிறந்த தம்பி. இவரை அங்க அனுப்பினா, விடியறதுக்குள்ள எனக்குப் பொணத்தைத்தான் குடுப்பாங்க."

"அழாதேம்மா. அதான் இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கேன்ல?" என்றார் பின்னால் நின்ற அவருடைய அண்ணன். எங்களைத் தேடி வந்து வழக்கைக் கொடுத்தவரே அவர்தான். காலை அகட்டி நின்றிருந்தார். வலது கை கட்டில் கம்பியை அழுத்துவதும் தளர்த்துவதுமாக இருந்தது. இடது கையைப் பாக்கெட்டிலிருந்து ஒரு முறைகூட எடுக்கவில்லை. "எங்க மாப்பிள்ளை சாமானியமா பிடியை விடற ஆளில்லம்மா. நீங்கதான் காப்பாத்தணும்."

மணி ஒன்றரை. மூன்றரை மணி நேரம். துபாஷி போலீஸ் வாக்குமூலத்தின் நகலை என்னிடம் நீட்டினார். ஒரே சாட்சி. வண்டி துடைக்கும் ஒப்பந்த ஆள்.

நான் படித்தேன். "'நானும் அதிகாரியும் கீழ் வண்டியில் ஏறினோம். நடுவில் கிராஸிங்குக்காகப் பத்து நிமிஷம் நின்னு, எதிர் வண்டி வரக் காத்துக்கிட்டு இருந்தோம். அப்போ அதிகாரி இறங்கினார். மேலே இருந்த மோட்டார்காரர் வேணும்னே பிடியை விட்டுட்டார். வண்டி அதிகாரி மேல ஏறிடுச்சு.'"

மோட்டார்காரர் சிரிக்கப் பார்த்தார். ரத்தம்தான் வந்தது.

"காத்திருந்தாங்களா? கிணத்து ராட்டினத்துல ஒரே கயிறு, ரெண்டு முனையிலயும் வாளின்னு வெச்சுக்குங்க. ஒரு வாளி மேல வந்தா இன்னொண்ணு கீழ போயே ஆகணும். நடுவுல சந்திச்சே ஆகணும். ஒரு வாளி இன்னொரு வாளிக்காகக் காத்திருக்குமா?"

"அப்ப நடுவுல ஏன் நின்னுச்சு?"

"அதிகாரி போன்ல சொல்லிட்டு ஒரு மணி அடிச்சார், நிறுத்தினேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு மணி அடிச்சுது. ரெண்டுன்னா கிளப்பணும். கிளப்பினேன்."

துபாஷி நிமிர்ந்தார். "முதல்ல 'அடிச்சார்'. அப்புறம் 'அடிச்சுது'."

"முதல் மணி அவர்னு தெரியும். ரெண்டாவது யாருன்னு எனக்கெப்படித் தெரியும்? பாதையோரமா மணிக்கம்பி போகுது. ஒரு குச்சியால தட்டினா மேல மணி அடிக்கும். யார் வேணா தட்டலாம்."

"அந்தப் 'பிடியை விட்டுட்டார்'?"

திறந்திருந்த ஒரே கண்ணும் மூடிக்கொண்டது. "எங்க வண்டிக்குப் பிடியே கிடையாது. கயிறு வண்டியோட சேர்த்துப் பூட்டியிருக்கு. விடவே முடியாது. வண்டியில இருக்கறது ஒரு சிவப்புக் கைப்பிடிதான், அவசர பிரேக். இழுத்தா தண்டவாளத்தைக் கவ்விக்கும். பிடிக்கறது விடறது எல்லாம் அந்தப் பழைய..." நிறுத்தி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துபாஷி வற்புறுத்தவில்லை. வராந்தாவுக்கு வந்ததும் என் தோளைத் தட்டினார்.

"பட்டதாரி, இந்தப் பொய்க்கு ரெண்டு அப்பன்."

"அம்மா யாரு?"

"வாயை மூடிட்டுக் கேளு. 'கிராஸிங்குக்குக் காத்திருந்தோம்'னு யார் பேசுவாங்க? ரயில்காரன். ஒத்தைத் தண்டவாளம், எதிர்ல ஒரு ரயில் வருது, இவன் ஒதுங்கிக் காத்திருப்பான். 'பிடியை விட்டான்'னு யார் பேசுவாங்க? கேபிள் டிராம் ஓட்டினவன். ரோட்டுக்கு அடியில கயிறு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். டிரைவர் கையில ஒரு நெம்புகோல், அடியில இரும்புத் தாடை. அதுக்குப் பேர் பிடி. கயித்தைக் கவ்வினா வண்டி போகும், விட்டா நிக்கும். இந்த ஊர் டிராமை மூடி எட்டு வருஷமாச்சு."

"அப்ப ரோப் கார்?"

"அது துணிக்கொடியில கிளிப் மாட்டித் தொங்கவிட்டது. இந்தக் கேஸ்ல அதுக்கு வேலையில்ல. நீயும் தொங்காதே, நட."

ஊருக்கெல்லாம் எல்லாமே கேபிள் வண்டி. போலீஸ்காரர் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது, அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். கருவியைத் தொட்டே பார்க்காதவன் எழுதுவான், தொட்டவன் ஜெயிலுக்குப் போவான். துபாஷியின் முகம் ஒரு மாதிரி இருந்தது. எதனால் என்று அப்போது எனக்குத் தெரியாது.

*

துடைக்கும் ஆள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. கீழ் ஸ்டேஷன் காவலாளி அவன் போகும் இடத்தையும் சொன்னார்: சரக்கு ரயில் யார்டு. "ரயில்வேல கொடி காட்டிக்கிட்டு இருந்தவன். அடிதடியில உள்ள போயிட்டு வந்தான். கொடிக்காரன்னு கேளுங்க."

முதல் அப்பன் கிடைத்துவிட்டான். பயந்து பதுங்கியிருப்பான் என்று நினைத்தேன். காலி சரக்குப் பெட்டி ஒன்றின் வாசலில் காலைத் தொங்கப்போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கொடி இல்லாத கொடிக்கம்பு.

"அண்ணே, கிராஸிங்குக்குக் காத்திருக்கீங்களா?" என்றேன்.

பதிலாகக் கம்பு வந்தது. என் புருவத்தில் விழுந்தது. ஜல்லியில் மல்லாந்து விழுந்தேன். அவன் குதித்து என் விலாவில் உதைத்தான், ஒன்று, இரண்டு. மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கும்போது, பெட்டிகளை இணைக்கும் சங்கிலி ஒன்று என் கைக்குக் கிடைத்தது. அவனுடைய நிற்கிற கால் முட்டியில் சுழற்றி அடித்தேன். விறகு பிளக்கிற சத்தம். அவன் அலறி விழுந்து, கம்பை நோக்கிக் கையை நீட்டினான். துபாஷி அந்த மணிக்கட்டின் மேல் ஏறி நின்றார். எழுபத்தெட்டு கிலோ.

"வலிக்குதா?"

"வலிக்குது! வலிக்குது!"

"நல்லது. அப்ப உண்மை பேசற நிலைமையிலதான் இருக்க. நீ அந்த வண்டியில ஏறவே இல்ல. இல்லையா?"

"இல்ல..."

"அப்ப கிராஸிங்?"

"அவன் எழுதிக் குடுத்ததுல வண்டி ஏன் நின்னுச்சுன்னு இல்லம்மா. போலீஸ் கேட்டா என்ன சொல்றது? நானா சேர்த்தேன். ரயில்ல அப்படித்தானே நிக்கும்!" அந்த வலியிலும் அவன் குரலில் ஒரு ரோஷம் இருந்தது. இருபது வருஷம் அவன் காட்டிய பச்சைக் கொடிக்கெல்லாம் அர்த்தம் இல்லை என்று நாங்கள் சொல்லிவிட்ட மாதிரி.

"எழுதிக் குடுத்தவன் யாரு?"

"கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

"அவ்வளவு விசுவாசமா?" என்றேன், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு.

"ஜெயில்ல என் கழுத்தை அறுக்க வந்தாங்க. அவன் குறுக்க கையை நீட்டினான். ரெண்டு விரல் போச்சு. என்னை நீ இங்கயே புதைச்சாலும் அவன் பேர் வராது." மூச்சு வாங்கினான். "வேற எதை மாத்தினாலும் மாத்திக்கோ, அந்த ஒரு வாக்கியத்துல ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னான். 'வேணும்னே பிடியை விட்டுட்டார்.' இருபது தடவை சொல்லச் சொன்னான். நான் சொல்லச் சொல்ல அவன் அழுதான்."

துபாஷி மணிக்கட்டிலிருந்து இறங்கினார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெறுமையை நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு கதவை எட்டு வருஷமாக முதுகால் சாத்திக்கொண்டு நின்றவர் மாதிரி, இனி முடியாது என்பது மாதிரி.

"இவனைச் சங்கிலியால பெட்டியோட கட்டு. இன்ஸ்பெக்டருக்கு நான் போன் பண்றேன்."

"ரெண்டாவது அப்பன் யாரு, அக்கா?"

"நாலு மணிக்குத் தெரியும்."

"எனக்கு இப்பவே தெரியணும்!"

"டீ வாங்கிட்டு வரியா?" என்றார். ஆனால் சிரிக்கவில்லை.

*

நாலுக்குப் பத்து. கீழ் ஸ்டேஷன். சாவு விழுந்ததிலிருந்து விஞ்ச் ஓடவில்லை. சம்பவ இடத்தைப் பார்க்க ஒரே ஒரு நடைக்கு அனுமதி வாங்கியிருந்தார் துபாஷி. மாற்று ஆள் ஒருவர் மோட்டார் அறையில் இருந்தார். தையல்காரரின் அண்ணன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"தங்கச்சி எங்க?" என்றார்.

"அனுப்பி வெச்சிருக்கேன். வந்துடுவாங்க," என்றார் துபாஷி. மூவரும் ஏறியதும், வண்டிச் சுவரிலிருந்த போனை எடுத்து, "கிளப்புங்க," என்று மேலே சொல்லிவிட்டு ரிசீவரை மாட்டினார். அது கொக்கியில் கோணலாக உட்கார்ந்தது. சரிசெய்யப் போன என் கையை அவர் பார்வையாலேயே மிதித்தார்.

வண்டி உலுக்கி எடுத்தது. நான் பெஞ்சில் விழுந்தேன். துபாஷி கம்பியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன்காரர் எதையும் பிடிக்கவில்லை. அகட்டிய கால்களில் ஆணி அடித்த மாதிரி முன் மேடையில் நின்றார். இடுப்பளவு தடுப்புக் கதவு, பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி.

"ஓடற வண்டியில நின்னே பழகின கால்," என்றார் துபாஷி. "எத்தனை வருஷம் டிராம் ஓட்டினீங்க?"

சக்கரங்கள் கரகரத்தன.

"மதியம் ஆஸ்பத்திரியிலயும் 'பிடியை விடற ஆளில்ல'ன்னீங்க. எல்லாரும் சொல்ற பேச்சுதான்னு இந்தப் பட்டதாரிப் பொண்ணு நெனச்சுட்டா. இடது கையை வெளிய எடுங்க."

எடுத்தார். மூன்று விரல்கள். அந்த மூன்று விரல்களுக்குள் கனத்த, ஒரு சாண் நீள ஸ்பேனர்.

அது துபாஷிக்கு என்று நினைத்துக் குறுக்கே பாய்ந்தேன். எனக்கேதான் ஓங்கியிருந்தார். என் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. தரையில் சுருண்டேன். அடுத்த அடி துபாஷியின் முட்டியில். அவர் மண்டியிட்டார்.

"மூணு பேர்," என்றார் அண்ணன்காரர். கத்தவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி. "எழுதினவன் ஒருத்தன். கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன். மொழிபெயர்த்தவ ஒருத்தி. அதிகாரியை அன்னிக்கு இதே ஸ்பேனரால அடிச்சுத் தண்டவாளத்துல போட்டேன். குச்சியால கம்பியை ரெண்டு தடவை தட்டினேன். மாப்பிள்ளைக்கு அஞ்சு மணி. உனக்கு இப்ப. உன்னை இங்க வரவைக்கத்தான் கேஸையே உன்கிட்ட குடுத்தேன்."

மொழிபெயர்த்தவள். நான் துபாஷியைப் பார்த்தேன். அவர் அண்ணன்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க கூண்டுல என்ன சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகமிருக்கு," என்றார்.

"சொல்லு."

"'கயிறு அதிர்ந்துச்சு ஐயா, பிடி விட்டுடுச்சு.'"

"நீ ஜட்ஜுகிட்ட என்ன சொன்ன?"

ஸ்பேனர் துபாஷியின் தோளில் இறங்கியது. "என்ன சொன்ன?"

"'பிடியை விட்டுட்டேன்.'"

வலி மறந்துபோயிற்று எனக்கு. விட்டுடுச்சு. விட்டுட்டேன். ஒன்று தேய்ந்த இரும்பின் குற்றம். இன்னொன்று மனுஷனின் குற்றம். மேட்டில் ஏறிக்கொண்டிருந்த டிராம் பின்னால் உருண்டு ஒன்பது பேர் செத்ததைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேப்பரில் பார்த்திருக்கிறேன். 'டிரைவர் ஒப்புதல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"தாடை தேஞ்சுபோச்சு, மாத்திக் குடுங்கன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்," என்றார் அவர். இப்போதுதான் குரல் உடைந்தது. "மாத்த வேண்டியவன் அந்த அதிகாரி. அவனே ரிப்போர்ட் எழுதினான், டிரைவர் வேணும்னே பிடியை விட்டுட்டார்னு. என் தங்கச்சி புருஷன் அப்ப டிராம் கயித்து அறையில இருந்தான். தேஞ்சது அவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டான், விஞ்ச்சுல வேலை கிடைச்சுது. எனக்கு ஆறு வருஷம். அதே வாக்கியத்துல அவனும் போகட்டும்னுதான் எழுதிக் குடுத்தேன்."

"அன்னிக்கு அது பதினோராவது கேஸ்," என்றார் துபாஷி. "ரிப்போர்ட்டை முன்னாடியே படிச்சிருந்தேன். அந்த வாக்கியம் காதுல உட்கார்ந்துடுச்சு. நீங்க பேசினப்ப அதைத்தான் கேட்டேன், உங்களைக் கேக்கல. ரெண்டு வருஷம் கழிச்சுப் பழைய குறிப்பைப் புரட்டினப்பதான் தெரிஞ்சுது. வேலையை விட்டேன். மனு போட்டேன்."

"மனு!" அவர் சிரித்தார். என் தோள் அனுமதித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அத்தனை கோபம் எனக்கு, யார் மேல் என்றே தெரியாமல்.

அவர் ஸ்பேனரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். துபாஷி நகரவில்லை. கையைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. நல்ல கையால் அண்ணன்காரரின் கணுக்காலைப் பிடித்து இழுத்து, கெண்டைக்காலில் பல் பதியக் கடித்தேன். தடுமாறி முன்பக்கமாகத் திரும்பித் தடுப்புக் கதவில் மோதினார். ஸ்பேனர் வெளியே பறந்தது.

அப்போதுதான் பார்த்தார்.

வளைவு திரும்பியதும் எதிரே இன்னொரு வண்டி. ஒரே தண்டவாளத்தில், நேராக எங்களை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தது. நடுவில் பாதை இரண்டாகப் பிரிகிற இடம் இன்னும் இருபதடி மேலே. கீழேயிருந்து பார்த்தால் பிரிவு தெரியாது. மோதப் போகிற மாதிரிதான் தெரியும். அந்த வண்டியின் முன் கண்ணாடியில் இன்ஸ்பெக்டர். அவர் பக்கத்தில் போன் ரிசீவரைக் காதில் வைத்தபடி தையல்காரர். இரண்டு வண்டிக்கும் மோட்டார் அறைக்கும் ஒரே போன் லைன். முழுவதையும் கேட்டிருந்தார். கண்ணாடியில் அறைந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

போனில் துபாஷி அவர்களை மேல் வண்டியில் உட்கார மட்டும்தான் சொல்லியிருந்தார். இங்கே யாரையும் வரச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மேலே ஏறினால் அவர்கள் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

"மோதிடும்! தங்கச்சி!" என்று அலறினார் அவர்.

வலது கை தானாகப் போயிற்று. விஞ்ச் வண்டிக்குப் பிடி கிடையாது என்று அவர் மனதுக்குத் தெரியும். அதே வண்டியை வைத்துத்தானே கொலையே செய்தார். கைக்குத் தெரியவில்லை. எதிரே வண்டி வந்தால் பிடியை விடு, கயிற்றிலிருந்து கழன்றுகொள், பின்னால் போ: பதினாறு வருஷம் டிராமில் பழகிய கை அது. சிவப்புக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தது.

விஞ்ச் எதையும் விடவில்லை. தண்டவாளத்தைக் கவ்வியது. பெஞ்சுகள் கழன்று முன்னால் பாய்ந்தன, கண்ணாடிகள் கொட்டின. நானும் துபாஷியும் ஒருவர் மேல் ஒருவராக உருண்டோம். அண்ணன்காரர் தடுப்புக் கதவைத் தாண்டிப் பறந்து தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தார். விழும்போது எதையாவது பிடிக்கக் கையை நீட்டினார். கிடைத்தது கயிறு, உருளையில் ஏறுகிற இடத்தில். மேலே மோட்டார் நிற்பதற்குள் அது இன்னும் ஒரு முழம் இழுத்தது. ஒரு முழம் போதும். முழங்கைவரை உள்ளே போயிற்று.

அந்த அலறலை நான் எழுத மாட்டேன்.

எதிர் வண்டியும் நின்றிருந்தது. ஒரே கயிறல்லவா.

தையல்காரர் கதவைத் திறந்து குதித்து, ஓடி வந்து அண்ணன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். "ஏண்ணே? ஏண்ணே இப்படிப் பண்ணினே?" என்று அவர் நெஞ்சிலேயே அடித்தார். அடித்த கையாலேயே அவர் முகத்து ரத்தத்தைத் துடைத்தார்.

"நீ அடிபட்டுடுவேன்னு நெனச்சேன்மா," என்றார் அவர். "மோதிடும்னு..."

இன்ஸ்பெக்டர் எங்கள் வண்டிக்குள் ஏறி, சிதறல்களுக்கு நடுவே தொங்கிய ரிசீவரை எடுத்தார். மோட்டார் அறை வழியாக ஆஸ்பத்திரிக்குச் சேதி சொன்னார். "மோட்டார்காரரை எங்கயும் மாத்த வேண்டாம். காவலை இரட்டிப்பா போடுங்க. ஆமா, கல்லு எறியறவங்ககிட்டயும் நானே வந்து சொல்றேன்." மணி நாலு இருபது. மோட்டார்காரர் பிழைத்துக்கொண்டார். பிழைத்த பிறகு மனைவி முகத்தில் எப்படி விழிக்கப் போகிறார் என்பது அவர் பாடு.

தையல்காரர் எழுந்தார். கட்டைகள் மேல் நடந்து எங்களிடம் வந்தார். துபாஷி ஒரு காலை இழுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கி நின்றிருந்தார்.

அறை. பளீரென்று மலை முழுக்கக் கேட்டது. துபாஷியின் உதடு கிழிந்தது.

"என் புருஷனைக் காப்பாத்தினதுக்கு நன்றி," என்றார் தையல்காரர். இன்னொரு அறை. "இது எங்கண்ணனுக்கு."

நான் குறுக்கே போகவில்லை. துபாஷி ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

உருளையைக் கழற்றிக் கையை வெளியே எடுக்க ஆட்கள் மேலிருந்து படியிறங்கி வந்தார்கள். அதற்குள் இன்ஸ்பெக்டருடன் வந்த எழுத்தர் கான்ஸ்டபிள் ஒரு பெஞ்ச் பலகையை மடியில் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதியதை இன்ஸ்பெக்டருக்குப் படித்துக் காட்டினார்: "'...தப்பிக்கும் நோக்கத்துடன் எதிரி ஓடும் வண்டியிலிருந்து குதித்தார்...'"

தண்டவாளத்தில் கிடந்தவர் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு, எதற்கு என்பது போல விட்டுவிட்டார்.

"குதிக்கல," என்றார் துபாஷி. "விழுந்தார்னு எழுதுங்க."

கான்ஸ்டபிள் அலுத்துக்கொண்டார். "கீழ கிடக்காரு, அவ்வளவுதானேம்மா? குதிச்சா என்ன, விழுந்தா என்ன? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

துபாஷி அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"ஆறு வருஷம்," என்றார். "பட்டதாரி, அடிச்சுட்டு எழுது."